ஆறு நிமிட நடை!

ஓசூர் சிப்காட்டில் முதல் ஷிப்டுக்கு ஆள் இறங்கும் காலை நேரத்தைக் கண்டிருக்கிறீர்களா, தோழர்களே? பேருந்துகள் வரிசை வரிசையாக வந்து நிற்கும். சூளகிரியிலிருந்தும், பாகலூரிலிருந்தும், கெலமங்கலத்திலிருந்தும், தேன்கனிக்கோட்டையிலிருந்தும் வந்த தொழிலாளர்கள், கழுத்திலே அடையாள அட்டையும் கையிலே சோற்று டப்பாவுமாக, விறுவிறுவென்று வாயிலை நோக்கி நடப்பார்கள். அந்த நடையைப் பார்த்தாலே நமக்கு நெஞ்சு நிமிரும். பாறையும் பனியும் நிறைந்த எல்லைப்புறத்தைப் பட்டறையாக மாற்றிய கால்களல்லவா அவை!

அந்தக் கூட்டத்திலே ஒருவன் மட்டும் பின்தங்குகிறான்.

நாற்பது வயது நிரம்பவில்லை. பத்தடி நடக்கிறான், நிற்கிறான். கம்பி வேலியைப் பிடித்துக்கொள்கிறான். நெஞ்சு படபடக்கிறது, கண் இருட்டுகிறது. “ஏண்ணா, ராத்திரி தூங்கலையா?” என்று கேட்டுக்கொண்டே கடந்து போகிறான் ஓர் இளைஞன். “வயசாயிடுச்சுப்பா” என்று சிரிக்கிறான் அவன். சிரிப்பா அது? அழுகைக்கு அவன் கட்டிவிட்ட வேட்டி!

அவன் பெயர் என்ன என்று கேட்காதீர்கள். ஒரு பெயருக்குள் அடங்குபவன் அல்லன் அவன். கொரோனா வந்து, படுத்து, பிழைத்து, “தப்பித்தோம்” என்று வீடு திரும்பியவன். தப்பியது உயிர் மட்டுந்தான், தெம்பு தப்பவில்லை என்று பிறகு அறிந்தவன். இரும்பைத் தூக்கிய கை, தண்ணீர்க் குடத்தைத் தூக்க நடுங்குகிறது. நேற்றுச் சொன்ன அளவு இன்று நினைவில் இல்லை. ஒருநாள் முழு வேலை பார்த்தால் மறுநாள் எழுந்திருக்க முடிவதில்லை. சூப்பர்வைசர் சொல்லுகிறார், சோம்பேறி என்று. அக்கம்பக்கம் சொல்லுகிறது, மனப்பிரமை என்று. மனைவி ஒன்றும் சொல்லுவதில்லை. காதிலிருந்த கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொள்ளுகிறாள்.

நாடு கொரோனாவை மறந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் நாள், உலக நெருக்கடி முடிந்தது என்று அறிவித்தது. ஜூஜூவாடிச் சாவடியிலே மடக்கி மடக்கி இ-பாஸ் கேட்ட கதை பழங்கதையாயிற்று. எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவன் உடம்பு மட்டும் மறக்கவில்லை!

இதற்குப் பெயர் உண்டு. நீடித்த கோவிட் என்பது அதன் பெயர். 2021 அக்டோபரிலே உலக சுகாதார நிறுவனம் இலக்கணமே வகுத்துவிட்டது: தொற்று கண்டு ஏறத்தாழ மூன்று மாதம் ஆன நிலையிலும் தொல்லை இருக்கும், குறைந்தது இரண்டு மாதமாவது நீடிக்கும், வேறு நோயால் வந்தது என்று சொல்ல முடியாததாக இருக்கும். சோர்வு, மூச்சுத்திணறல், நினைவுத் தடுமாற்றம் ஆகியவை அதன் முக்கிய அடையாளங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நாட்டின் 31 மருத்துவமனைகளில் சேர்ந்து வீடு திரும்பிய 14,419 பேரைத் தொடர்ந்து விசாரித்து, 2023இலே முடிவை வெளியிட்டது. நூற்றுக்கு 17 பேர், கொரோனா போன பின்னும் தொல்லை போகவில்லை என்றார்கள். நூறு பேரில் பதினேழு பேருக்கு ஒரே மாதிரியான மனப்பிரமையா? நெஞ்சறிந்து சொல்லட்டும், ஏளனம் பேசுவோர்!

சரி, நோய் உண்டு, மருந்து உண்டா?

இந்த ஒரு கேள்விக்குத்தான் ஊரெங்கும் ஆயிரம் பதில்கள் விற்பனைக்கு இருக்கின்றன. குளுக்கோஸ் ஏற்றினால் சரியாகும் என்பார் ஒருவர். சத்து ஊசி நான்கு போடு என்பார் மற்றொருவர். பொடி, லேகியம், புட்டி, பொட்டலம். விலை மட்டும் தெளிவாக எழுதியிருக்கும். குணம் உண்டா என்று கேட்டால், “நம்பிச் சாப்பிடுங்க” என்று பதில் வரும். நம்பிக்கையை நாட்டு மக்களிடமும், நாணயத்தைத் தங்கள் பெட்டியிலும் வைத்துக்கொள்ளும் வணிகம் அது!

உண்மை மருந்தைக் கண்டுபிடிக்கும் வழி வேறு. அதற்கு மருந்துச் சோதனை என்று பெயர். சோதனை என்றதும் முகம் சுளிக்காதே, தம்பி. கேள்.

ஒருவன் ஒரு மாத்திரையைப் பதினைந்து நாள் தின்றான். பதினாறாம் நாள் எழுந்து நடந்தான். மாத்திரையால் நடந்தானா? நாள் சென்றதால் தானே தேறி நடந்தானா? மருந்து தின்றோம் என்ற தெம்பால் நடந்தானா? ஒருவனை வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே ஒரே வகை நோயாளிகள் சில நூறு பேரைச் சேர்க்கிறார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல, இன்னார் இந்தப் பக்கம், இன்னார் அந்தப் பக்கம் என்று பிரிக்கிறார்கள். வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. ஒரு பக்கத்துக்கு மருந்து; மறு பக்கத்துக்கு அதே போலிருக்கும் வெற்று மாத்திரை. எவருக்கு எது என்பது தின்பவருக்கும் தெரியாது, தருபவருக்கும் தெரியாது. காலம் முடிந்ததும் உறையைப் பிரித்துப் பார்க்கிறார்கள். சந்தையிலே காய் நிறுக்கும் தராசுக்கு இரண்டு தட்டு வேண்டுமல்லவா? ஒரு தட்டை மட்டும் காட்டி எடை சொல்லுபவனை நாம் என்னவென்று அழைப்போம்? மருந்துக்கும் அதே நீதிதான்.

அப்படிப்பட்ட தராசு ஒன்றை நம் நாட்டிலேயே நிறுத்திப் பார்த்தார்கள். ஜார்ஜ் உலக சுகாதார நிறுவனத்தின் இந்தியப் பிரிவினர், இந்தியாவின் 8 மருத்துவமனைகளில், நீடித்த கோவிட்டால் அல்லலுற்ற 346 பேரைச் சேர்த்தார்கள். கோல்சிசின் என்ற மாத்திரை ஒரு தட்டில். வெற்று மாத்திரை மறு தட்டில். 26 வாரம் கொடுத்தார்கள்.

கோல்சிசின் எங்கிருந்தோ வந்த புதுப் பொருள் அன்று. கால் கட்டைவிரல் மூட்டு வீங்கிச் சிவந்து துடிக்குமே, அந்த வாத நோய்க்கு நெடுங்காலமாக மருத்துவர் தரும் மருந்து. அது இருக்கும் செடிகளில் ஒன்று எது தெரியுமா? செங்காந்தள்! சங்கப் புலவர்கள் மங்கையரின் விரலுக்கு உவமை சொன்ன காந்தள்; தமிழ்நாட்டின் மாநில மலர். கண்வலிக்கிழங்கு என்பார்கள் உழவர்கள். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரத்திலே அதைப் படரவிட்டு, விதை எடுத்து, மருந்துக்காக விற்கிறார்கள். அதைக் கேட்டதும் “கிழங்கைத் தோண்டித் தின்போம்” என்று எவரும் கிளம்பிவிட வேண்டாம்! உயிரைக் குடிக்கும் நஞ்சு அந்தக் கிழங்கு. அளவறிந்து பிரித்தெடுத்தால் மருந்து. அறியாமல் தின்றால் மரணம்.

அந்த மருந்து வீக்கத்தையும் அழற்சியையும் தணிக்கும். கிருமி போன பின்னும் உடம்புக்குள் அணையாமல் கனலும் அழற்சிதான் இந்நோய்க்குக் காரணமோ என்ற ஐயம் மருத்துவ உலகில் உண்டு. கனலை அவிக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்ப்போம் என்று எண்ணினார்கள். பலனை எதைக் கொண்டு அளந்தார்கள்? அங்கேதான் நாம் நெகிழ்ந்து போனோம், தோழர்களே. ஆறு நிமிட நடை! நோயாளியை நடக்கச் சொல்லுகிறார்கள். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளக்கிறார்கள். வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே நம் தோழன், அவனுடைய துயரத்துக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் வேறென்ன இருக்கிறது?

2025இலே முடிவு வெளிவந்தது. தொடங்கி ஓராண்டு கழித்து அளந்து பார்த்தபோது, மருந்து தின்றவர் நடைக்கும் வெற்று மாத்திரை தின்றவர் நடைக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. கோல்சிசின் உதவவில்லை!

“இதற்கா இத்தனை பாடு? இல்லை என்று சொல்லவா இத்தனை ஆண்டு?” என்று கேட்கத் தோன்றும். ஆம், இல்லை என்று சொல்லத்தான்! அந்த ‘இல்லை’ ஏழைக்குக் கிடைத்த காவல். அது வராதிருந்தால் என்ன நடந்திருக்கும்? “செங்காந்தள் மருந்து, நீடித்த கோவிட் தீரும்” என்று ஒருவர் கடை விரித்திருப்பார். இன்னொரு கம்மல் அடகுக் கடைக்குப் போயிருக்கும்.

மிகையென்று எண்ணுகிறவர்கள் பிளாஸ்மாவை நினைத்துப் பார்க்கட்டும். கொரோனாவில் தேறியவரின் இரத்தத்திலிருந்து எடுக்கும் நீரை ஏற்றினால் பிழைக்கலாம் என்று ஊரெல்லாம் ஓடினோமே! அதையும் 2020இலே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தராசில் நிறுத்தியது. 39 மருத்துவமனைகள், 464 நோயாளிகள். சாவும் குறையவில்லை, நோய் முற்றுவதும் குறையவில்லை என்ற முடிவு அந்த ஆண்டு அக்டோபரிலேயே வெளிவந்தது. ஆனாலும் 2021 கோடையிலே, இரண்டாம் அலையிலே, தந்தைக்காக மகனும் கணவனுக்காக மனைவியும் பிளாஸ்மா தேடித் தெருத் தெருவாக அலைந்தார்கள். 2021 மே மாதம்தான் சிகிச்சை நெறிமுறையிலிருந்து அது நீக்கப்பட்டது. உண்மை வந்துவிட்டது, ஊருக்கு வந்து சேரவில்லை! உண்மையை ஊருக்குள் கொண்டுசேர்க்கும் வேலை எவருடையது? மேடையும் மன்றமும் படிப்பகமும் கண்ட நம்முடையதல்லவா?

வெளிநாட்டுச் செய்தியையும் கேளுங்கள். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார், பாக்ஸ்லோவிட் என்ற கிருமிக்கொல்லி மருந்தை நீடித்த கோவிட் நோயாளிகள் 155 பேரிடம் சோதித்தார்கள். 15 நாள் கொடுத்தும், வெற்று மாத்திரையைவிட மேலான பலன் இல்லை என்று 2024இலே சொன்னார்கள். இங்கிலாந்திலும் வேல்சிலும் 585 பேரைக் கொண்டு வேறொன்றைப் பார்த்தார்கள். எட்டு வாரம், கணினி வழியே, பயிற்றுநர் துணையோடு, குழுவாக, அளவான உடற்பயிற்சியும் மனத்துக்கு ஆதரவும் தந்தார்கள். வாழ்க்கை ஓரளவு மேம்பட்டது என்று 2024 பிப்ரவரியிலே முடிவு வந்தது. ஓரளவுதான், முற்றாக அன்று. அதுவும் துணையோடு, அளவோடு! “உழைத்தால் தானே சரியாகும்” என்று இரட்டை ஷிப்டு கொடுப்பது பயிற்சி அன்று. இந்நோயிலே அளவு மீறிய உழைப்பு பலரை மீண்டும் படுக்கையில் தள்ளுகிறது.

மற்றொன்று. நம் வீடுகளிலே பலருக்கும் பழக்கமான சர்க்கரை மாத்திரை மெட்பார்மின். அமெரிக்காவிலே, உடல் எடை மிகுந்த 1,126 பேருக்கு, கொரோனா கண்ட முதல் சில நாட்களிலேயே அதையோ வெற்று மாத்திரையையோ கொடுத்துப் பத்து மாதம் கவனித்தார்கள். வெற்று மாத்திரை தின்றவரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீடித்த கோவிட். மெட்பார்மின் தின்றவரில் நூற்றுக்கு ஆறு பேருக்கு. 2023இலே வந்த செய்தி இது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அது வருமுன் காத்த கதை, வந்தபின் தீர்த்த கதை அன்று. மருத்துவரைக் கேட்காமல் அம்மாவின் சர்க்கரை மாத்திரையை எடுத்து விழுங்க வேண்டாம்.

ஆகவே, இன்று கையிலே முழு மருந்து இல்லை. தேடல் நடக்கிறது. அந்தத் தேடலிலே ஓசூர்த் தொழிலாளிக்கு இடம் உண்டா? அதுதான் நம் கேள்வி.

“ஏழை நாட்டிலே, ஏழைகளை வைத்து, உலகுக்கே பயன்படும் சோதனை நடக்குமா?” என்று ஐயுறுவோருக்குச் சென்னையைக் காட்டுவோம். 1956! காசநோய் என்றால் சானடோரியம், பால், முட்டை, ஓய்வு என்றிருந்த காலம். சானடோரியத்தில் இடமோ சிலருக்கு, நோயோ பல்லாயிரவருக்கு. சென்னைச் சேத்துப்பட்டிலே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் எழுந்தது. சென்னை மாநில அரசும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கைகோத்தன. ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தார்கள். மற்றவரை வீட்டிலேயே வைத்து ஓராண்டு மருந்து தந்தார்கள். வீடென்றால் மாளிகையா? நெருக்கமான குடியிருப்பு, அரைவயிற்றுச் சோறு. 1959இலே முடிவு வந்தது. வீட்டிலிருந்தவரும் பெரும்பாலோர் தேறினார்கள், ஏறத்தாழச் சானடோரியத்தில் இருந்தவர் அளவுக்கே! வீட்டில் வைத்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. சென்னை ஏழையின் குடிசையிலே பிறந்த அந்த உண்மை, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. காசநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்த சுவரை இடித்தது ஒரு மருந்துச் சோதனை!

“அப்படியானால் நாம் எலிகளா?” என்று கேட்கும் தோழனின் சினம் நமக்குப் புரிகிறது. காரணமில்லாத சினமன்று அது. அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் சிறுமியருக்குத் தடுப்பூசி போட்டு நடத்திய ஆய்வு, 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. பெற்றோரைக் கேளாமல் விடுதிக் காப்பாளரே கையெழுத்துப் போட்ட கொடுமை பின்னர் வெளியே வந்தது. 2013இலே நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. அறியாதவன் தலையில் அறிவியல் ஏறி உட்காருவதை நாம் ஒருநாளும் ஒப்பமாட்டோம்.

ஆனால் பூட்டு உடைந்த கதையைச் சொல்லி வீட்டையே கொளுத்துவார் உண்டா? பூட்டை வலுவாக்குவோம். வலுவான பூட்டுகள் இருக்கின்றன. 2009 ஜூன் 15 முதல், இந்தியாவில் நடக்கும் ஒவ்வொரு மருந்துச் சோதனையும் தொடங்குமுன் பொதுப் பதிவேட்டில் பதியப்பட வேண்டும். எவரும் அதைப் பார்க்கலாம். 2019இலே வந்த புதிய விதிகளின்படி, நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும். நோயாளிக்குப் புரியும் மொழியில் எல்லாவற்றையும் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். எந்த நாளிலும் விலகிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. சோதனையால் கேடு விளைந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும்.

புரியும் மொழியில்! இந்தச் சொல்லை எல்லைப்புறத்திலே நின்று படிக்க வேண்டும். ஓசூரின் ஒரே தெருவிலே தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது. வாடகை அறைகளிலே ஒடியா, வங்காளி, இந்தி. ஆங்கிலப் படிவத்தை நீட்டி “இங்கே ஒரு கையெழுத்து” என்றால் அது ஒப்புதலாகுமா? கைநாட்டு வைக்கும் தொழிலாளிக்கும் காதால் கேட்டு, கருத்தால் உணர்ந்து, “சரி” என்றோ “முடியாது” என்றோ சொல்ல உரிமை வேண்டும். மருத்துவம் நான்கு கூறுடையது என்ற வள்ளுவர், நோயாளியை அவற்றுள் முதலிலே வைத்து எண்ணினார். சோதனைக்குரிய பொருளாக அல்ல, கூட்டாளியாக!

இனி, நம் கோரிக்கைகள்.

முதலாவது, கணக்கு. இங்கே வீடு இருக்கும், வேலை அத்திப்பள்ளியிலும் பொம்மசந்திராவிலும் இருக்கும். மருத்துவம் பெங்களூரில் நடந்திருக்கும். தமிழ்நாட்டுக் கணக்கிலும் விழாமல், கர்நாடகக் கணக்கிலும் விழாமல், நடுவிலே விழுந்து கிடக்கிறான் எல்லைத் தொழிலாளி. எல்லைக்கல் எங்கே என்று கிருமிக்குத் தெரியுமா? மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கதவைத் தட்டிக் கேட்க வழி கண்ட மாவட்டம் இது. “கொரோனாவுக்குப் பின் பழைய தெம்பு வந்ததா?” என்று இன்னும் ஒரு கேள்வி கேட்டால் போதும், கணக்குக் கிடைத்துவிடும்.

இரண்டாவது, இடம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியிலும், ஓசூர் அரசு மருத்துவமனையிலும், வாரத்தில் ஒருநாளாவது இந்நோயாளிகளுக்கென்று ஒதுக்குக. ஆறு நிமிட நடையை அளக்க அரண்மனை வேண்டியதில்லை. ஒரு நீண்ட தாழ்வாரமும், கடிகாரமும், கனிவுள்ள செவிலியும் போதும்! அடுத்த சோதனைக்கு மையங்களைத் தேடும்போது, எங்கள் கிருஷ்ணகிரியையும் சேர்த்துக்கொள்க.

மூன்றாவது, கூலி. ஈ.எஸ்.ஐ. திட்டத்திலே நோயுற்ற தொழிலாளிக்கு ஆண்டுக்கு 91 நாள், சம்பளத்தில் நூற்றுக்கு 70 பங்கு கிடைக்கும். நெடுநாள் நோய்கள் என்று 34 நோய்களைக் குறித்த பட்டியலும் உண்டு. அவற்றுக்குக் கூடுதல் நாள், கூடுதல் தொகை. காசநோய்க்கு அதிலே இடம் உண்டு. நீடித்த கோவிட்டுக்கும் பெயர் சொல்லி இடம் தருக. தேறும்வரை இலகுவான வேலை தருக. சோதனைக்குப் போகும் நாளுக்குக் கூலியை வெட்டாதீர். ஒப்பந்தத் தொழிலாளி என்று கூறி ஓரங்கட்டாதீர். ஒப்பந்தம் கூலிக்குத்தான், உயிருக்கல்ல!

அரசிடமும் ஆலையிடமும் கேட்பது ஒருபுறம். தோழர்களே, நமக்கும் வேலை இருக்கிறது. பக்கத்து இயந்திரத்திலே நிற்கும் தோழன் மூச்சு வாங்கினால் கேலி பேசாதீர்கள். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எல்லா மூச்சுத்திணறலும் கொரோனாவின் மிச்சம் அன்று. காசநோயாக இருக்கலாம், இதயமாக இருக்கலாம், இரத்தச்சோகையாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம். அவற்றுக்கெல்லாம் இன்றே மருந்து உண்டு. பார்த்துத் தெளிவதுதான் முதற்கடன். எவரேனும் ஒரு புட்டியைக் காட்டி “இது தீர்க்கும்” என்றால், “எந்தத் தராசில் நிறுத்தீர்? எத்தனை பேர்? மறு தட்டிலே என்ன வைத்தீர்?” என்று கேளுங்கள். சங்கத்திலே சம்பளக் கணக்கை வரிக்கு வரி கேட்கும் வாய்க்கு, மருந்துக் கணக்கைக் கேட்கத் தெரியாதா?

நாளைக் காலையும் சிப்காட்டிலே முதல் ஷிப்டுக்குப் பேருந்துகள் வந்து நிற்கும். விறுவிறுவென்று கூட்டம் நடக்கும். அவனும் வருவான். பத்தடி நடப்பான், நிற்பான், வேலியைப் பிடிப்பான். வாயிலிலிருந்து அவன் இயந்திரம் வரை நமக்கு ஆறு நிமிட நடைதான். அவனுக்கோ அது ஒரு மலை.

மருந்து வரும்வரை அவன் தனியாக ஏற வேண்டிய மலையா அது? கைகொடுங்கள், தோழர்களே. இன்று அவனோடு மெல்ல நடப்போம். அவன் நம்மோடு விரைந்து நடக்கும் நாள் வரும்வரை, கேட்டுக்கொண்டே நடப்போம்!